பதில் கூப்பனும் பதில் வராத மெயிலும்

தபால் நிலையங்களில் ஒரு காலத்தில் ‘சர்வதேச பதில் கூப்பன்’ என்று ஒன்று விற்றார்கள். உலக அஞ்சல் ஒன்றியம் 1907-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. வெளிநாட்டில் இருப்பவருக்குக் கடிதம் எழுதும்போது, அவர் பதில் போட ஆகும் செலவை நாமே ஏற்க விரும்பினால் இந்தக் கூப்பனை உறைக்குள் வைத்து அனுப்பலாம். அவர் தன் ஊர் தபால் நிலையத்தில் அதைக் கொடுத்துத் தபால்தலை வாங்கிக்கொள்வார். எண்பதுகளில் நாங்கள் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தபோது, கோடை விடுமுறைப் பயிற்சி கேட்டு ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் எழுதிய சீனியர்கள் சிலர் இதை வாங்குவதற்கென்றே அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்துக்குப் போவார்கள். முன்பின் தெரியாத ஒரு பேராசிரியரிடம் உதவி கேட்கிறோம், அவருக்குத் தபால் செலவு வைக்கலாமா என்ற மரியாதை அதில் இருந்தது. பலனும் இருந்தது. ஒன்றிரண்டு மாதம் கழித்தாவது பதில் வரும். பெரும்பாலும் ‘இப்போது இடமில்லை’ என்றுதான் இருக்கும். ஆனாலும் லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து, பேனாவால் கையெழுத்துப் போட்ட பதில். ஹாஸ்டலில் அந்தக் கடிதம் அறை அறையாகச் சுற்றி வரும்.

இன்று அதே படிப்பைப் படிக்கும் மாணவர் ஒரே இரவில் நூறு பேராசிரியர்களுக்கு மெயில் தட்டிவிடுகிறார். காசு செலவில்லை. பதிலும் இல்லை.

இந்த நாற்பது ஆண்டு மாற்றத்தை ‘அப்போது கஷ்டம், இப்போது சுலபம்’ என்று பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று கடிதம் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. போய்ச் சேர்ந்துவிட்டால் யாராவது படிப்பார்கள். இன்று போய்ச் சேர்வது நொடி வேலை. படிக்க வைப்பதற்குத்தான் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு முதல் சிக்கல் முகவரி. எந்த நாட்டில், எந்தப் பல்கலைக்கழகத்தில், யார் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று தெரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். அண்ணா சாலையில் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்க நூலகம், இவை தவிர மாக்ஸ் முல்லர் பவன். காமன்வெல்த் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலும் ‘வேர்ல்ட் ஆஃப் லேர்னிங்’ என்ற தடித்த தொகுதியும் குறிப்புதவிப் பிரிவில் இருக்கும். வெளியே எடுத்துப் போக முடியாது. மேஜையிலேயே உட்கார்ந்து பெயர், துறை, தெரு, அஞ்சல் எண் எல்லாவற்றையும் நோட்டில் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நோட்டு சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும். மெட்ராஸில் படித்தவர்களுக்கு இந்த வசதியாவது இருந்தது. கோவில்பட்டியிலோ சேலத்திலோ படித்தவருக்கு அந்த நூலகங்கள் ஒரு ராத்திரி பஸ் பயணம்.

பணம் அதைவிடப் பெரிய சுவர். 1973-ன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். அதற்கும் முன்னால், அறுபதுகளின் கடைசியில் வெளிநாடு போனவர்கள் சட்டைப்பையில் எட்டு டாலரோடு விமானம் ஏறியதை இன்றும் சொல்வார்கள். அந்நியச் செலாவணி இல்லாமல் 1991-ல் நாடே தங்கத்தை அடகு வைத்தது. அப்படிப்பட்ட நாட்டில் இருபது வயதுப் பையன் ‘மூன்று மாதம் பயிற்சிக்குப் போகிறேன், கொஞ்சம் டாலர் கொடுங்கள்’ என்று வங்கியில் போய் நின்றால் என்ன மரியாதை கிடைக்கும்? டிக்கெட் விலை ஒரு குமாஸ்தா குடும்பத்தின் பல மாதச் சம்பளம். 1999-ல் பழைய சட்டத்துக்குப் பதிலாக ‘ஃபெமா’ என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நிறைவேறி அடுத்த ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 2004-ல் தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. இன்று அந்த வரம்பு இரண்டரை லட்சம் டாலர். மாணவர்களின் கண்ணில் படாமலே நடந்த மாற்றம் இது. கணினி வந்ததால்தான் கதவு திறந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். இந்தச் சட்டங்கள் மாறாமல் இருந்திருந்தால் எத்தனை மெயில் அனுப்பியும் பயன் இருந்திருக்காது.

பாஸ்போர்ட்டுக்கு ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரும் நாளில் தெருவே எட்டிப் பார்க்கும். இப்போது 2017 முதல் பல ஊர்த் தலைமைத் தபால் நிலையங்களிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் வந்துவிட்டது. பதில் கூப்பன் வாங்கப் போன அதே வகைக் கட்டடம்தான்.

அந்தக் காலத்து ஏற்பாடுகளில் எனக்கு இன்றும் மதிப்பு குறையாத ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1948-ல், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஐரோப்பிய நாடுகள் கூடி ‘ஐயெஸ்ட்டே’ என்ற அமைப்பைத் தொடங்கின. தொழில்நுட்ப மாணவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. நேற்றுவரை ஒருவர்மேல் ஒருவர் குண்டு வீசிய நாடுகளின் பிள்ளைகள் ஒரே பட்டறையில் நின்று வேலை கற்கட்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. அதன் விதி மிக எளிமையானது: நீ எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்கு உன் ஊரில் இடம் பிடித்துத் தருகிறாயோ, அத்தனை இடம் உன் மாணவர்களுக்கு வெளியில் கிடைக்கும். இந்தியாவிலும் அதற்குக் கிளை உண்டு. ஒருவர் வெளியே போக வேண்டுமென்றால் நம் ஊர் கம்பெனி ஒன்று எங்கிருந்தோ வரும் ஒரு மாணவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருக்குச் செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். தங்க இடம் பார்த்துத் தர வேண்டும். கேட்பதற்கு முன்னால் கொடுத்தாக வேண்டும் என்ற இந்தக் கணக்கு, பின்னால் வந்த எத்தனையோ திட்டங்களில் காணாமல் போய்விட்டது.

ஜெர்மனியோடு நம் ஊருக்கு இருந்த உறவு தனி. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கியது. ஜெர்மன் பேராசிரியர்கள் அடையாறு வளாகத்துக்கு வந்தார்கள். நம் ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். ஆகவே அந்த வளாகத்து மாணவர் ஜெர்மனிக்கு ஒரு கடிதம் எழுதினால், அதைச் சிபாரிசு செய்யப் பக்கத்து அறையிலேயே ஆள் இருந்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் ‘எர்நெட்’ என்ற கல்வி வலைப்பின்னலில் முதலில் இணைந்த சில நிறுவனங்களில் ஐஐடி மெட்ராஸும் ஒன்று. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அடையாற்றில் இருந்தவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத் தூரத்தில் இருந்த இன்னொரு கல்லூரி மாணவர் ஏரோகிராமில் எழுதிக்கொண்டிருந்தார். எந்தக் கல்லூரி என்பதே பாதி விதியை எழுதிவிடும் நிலை அப்போதே வந்துவிட்டது. இன்றும் அது முழுதாக மாறிவிடவில்லை.

அதைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது பிரவுசிங் சென்டர். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை. 1998, 99 வாக்கில் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள், திருநெல்வேலி, நாமக்கல், காரைக்குடி என்று எல்லா ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒரு மாடிப்படி ஏறினால் பிளைவுட் தடுப்பு வைத்த ஆறேழு கணினிகள் இருக்கும். முன்னால் ஒரு நோட்டு. பெயரும் உள்ளே போன நேரமும் எழுத வேண்டும். மணிக்கணக்கில் கட்டணம் என்பதால், அனுப்ப வேண்டிய கடிதத்தை வீட்டிலேயே பேப்பரில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஹாட்மெயிலோ யாஹுவோ திறப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். பவர் கட்டானால் எழுதியது அத்தனையும் போச்சு. அப்படி இருந்தும், ஆங்கில வழிப் பள்ளி வாசலைப் பார்க்காத ஒரு பையன், வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போனவன், முதன்முதலாக வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் இணையப் பக்கத்தை நேரடியாகப் பார்த்தது அந்த பிளைவுட் தடுப்புக்குள்தான். நடுவில் நூலகம் இல்லை, சீனியரின் நோட்டு இல்லை, சிபாரிசு இல்லை. அந்தச் சில ஆண்டுகளில் மெயில் புதிது, அனுப்புவோர் குறைவு, பெறுபவருக்கும் அலுப்புத் தட்டவில்லை. மதுரைக்குத் தெற்கே படித்துக்கொண்டே டென்மார்க்குக்கும் கொரியாவுக்கும் போனவர்களை எனக்குத் தெரியும். கல்லூரிப் பெயரைக் கேட்டு யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. என்னைக் கேட்டால், இந்த நாற்பது ஆண்டுகளில் ஓரளவு நியாயமான காலம் அதுதான்.

பிறகு எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. 2004-ல் ஜிமெயில் வந்தது. அதே ஆண்டு கூகுள் ஸ்காலரும் வந்தது. ஒரே கடிதம், பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு. மாணவர்கள் இதற்கு ‘மாஸ் மெயில்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பேராசிரியர் ஒருவருக்குப் போக வேண்டிய கடிதத்தில் இன்னொருவரின் பெயர் அப்படியே இருப்பதும் நடந்தது. அதன் விளைவை இன்று எந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பக்கத்துக்குப் போனாலும் பார்க்கலாம். ‘இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் மெயில்களுக்குப் பதில் எழுத இயலாது’ என்று பல பக்கங்களில் எழுதியிருக்கும். இன்னும் சிலர், ‘இந்தப் பக்கத்தை முழுதாகப் படித்திருந்தால் மெயிலின் தலைப்பில் இந்தச் சொல்லைப் போடுங்கள்’ என்று நடுவில் எங்கோ ஒரு சொல்லைக் குறித்திருப்பார்கள். அந்தச் சொல் இல்லாத மெயில் படிக்கப்படாது.

சென்ற சில ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிய கடிதங்கள். இலக்கணப் பிழை இருக்காது, மொழி வழவழவென்று இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். முன்பு தப்பும் தவறுமான ஆங்கிலத்திலாவது ஒரு பையனின் ஆர்வம் தெரிந்தது. இப்போது அதுவும் தெரிவதில்லை.

நான் ஆசிரியராக இருக்கும் கல்லூரியில் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் படித்த ஒரு மாணவி வந்து சொன்னாள்: “சார், நூறு பேருக்கு மேல அனுப்பிட்டேன். ஒருத்தர்கூட ரிப்ளை பண்ணல.”

“எத்தனை பேரோட பேப்பரைம்மா படிச்சே?”

பதில் வரவில்லை. உட்கார்ந்து பேசினோம். அவளுடைய புராஜெக்ட் ‘ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்’. 1991-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த முறை. உலோகத்தை உருக்காமல், சுழலும் கருவியின் உராய்வுச் சூட்டில் இளக்கிக் கிளறியே ஒட்டுவது. அதற்கான இயந்திரம் வாங்க எங்களிடம் பணமில்லை. பழைய மில்லிங் மெஷின் ஒன்றையே மாற்றியமைத்து அலுமினியத் தகடுகளை ஒட்டிக்கொண்டிருந்தோம். வெட்டிப் பார்த்தால் ஒட்டுக்குள்ளே நீளவாக்கில் சின்னச் சுரங்கம்போல ஓர் ஓட்டை. ஜெர்மனியில் ஒருவரின் கட்டுரையில் அதே குறையின் படம் இருந்தது. அவள் முன்பு எழுதிய கடிதத்தில், தான் கடின உழைப்பாளி, ஆர்வமுள்ளவள், அவருடைய மதிப்புமிக்க ஆய்வகத்தில் சேர்வது தன் கனவு என்றெல்லாம் முழுப் பக்கம் இருந்தது. அத்தனையும் அடித்தோம். மிஞ்சியது ஐந்தாறு வரி: உங்கள் கட்டுரையின் இன்ன படத்தில் உள்ள குறை எங்கள் தகடுகளிலும் வருகிறது, எங்கள் கருவியின் வேகம் இவ்வளவு, நகரும் வேகம் இவ்வளவு, வெட்டுமுகத்தின் படம் இணைத்திருக்கிறேன், மே முதல் ஜூலை வரை வந்து வேலை செய்ய முடியும். படத்தைப் பற்றி அவரிடமிருந்து கேள்வி ஒன்று திரும்பி வந்தது. அவள் பதில் எழுதினாள், அவர் மறுபடி கேட்டார். அடுத்த கோடையில் அவள் அங்கே இருந்தாள்.

மே முதல் ஜூலை என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவில் பல இடங்களில் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். ஆனால் ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடுவரை நடக்கும். நம் செமஸ்டர் தேர்வு முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் அங்கே பேராசிரியர் ஊரில் இருப்பார், ஆய்வகம் திறந்திருக்கும். ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், இந்திய மாணவர்களுக்கென்றே நடத்தும் ‘வைஸ்’ உதவித்தொகைக்கு இந்தப் பொருத்தம் பெரிய பலம். ஆனால் அதற்கு முதலில் ஒரு ஜெர்மன் பேராசிரியரின் அழைப்புக் கடிதம் வேண்டும். கனடாவின் ‘குளோபலிங்க்’ அப்படியல்ல. 2009-ல் இந்திய மாணவர்களோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் பேராசிரியர்களே தங்கள் புராஜெக்ட்டுகளைப் பட்டியலிட்டு வைக்கிறார்கள். மாணவர் அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். ஜெனீவாவில் உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் 1962 முதல் கோடைக்கால மாணவர் திட்டம் நடத்துகிறது. 2017-ல் இந்தியா அங்கே இணை உறுப்பினரானது. ஜப்பானின் ஒக்கினாவா ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் டிக்கெட்டும் தங்குமிடமும் கொடுத்தே கூப்பிடுகிறது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ‘ஆர்ஈயூ’ எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளைத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். இது தெரியாமல் வாரக்கணக்கில் விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தகவல் கொட்டிக் கிடக்கிறது. எது தனக்கானது என்று பிரித்துச் சொல்ல ஆள்தான் இல்லை.

அழைப்பு வந்த பிறகு வரும் காகித வேலையில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு. அன்று நம் அரசு விடுவதுதான் கடினம். இன்று அவர்கள் நாடு உள்ளே விடுவது. ஷெங்கன் விசா என்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, தந்தையின் வங்கிக் கணக்கு விவரம், அப்பாயிண்ட்மென்ட்டுக்காகக் காத்திருப்பு. ஜெர்மனியில் 2015 ஜனவரியில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. அப்போது மணிக்கு 8.50 யூரோ. படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்யும் பயிற்சிக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. மாணவர் தானாக விரும்பிச் செய்யும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் விலக்கு இல்லை. ஆகவே ஆறு மாதப் பயிற்சி தரும் அங்குள்ள கம்பெனி முதலில் கேட்பது, ‘இது உங்கள் பாடத்திட்டத்தில் கட்டாயமா? கல்லூரியிலிருந்து கடிதம் இருக்கிறதா?’ என்றுதான். தொழிலாளியைக் காக்க வந்த நல்ல சட்டம். நம் மாணவருக்கு அது ஒரு கடிதமாக வந்து நிற்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் வந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வகுப்பில் இருந்த சில பெண்கள் எங்களைவிட நன்றாகப் படித்தார்கள். தெரியாத நாட்டுக்குத் தனியாக மூன்று மாதம் என்ற பேச்சையே அவர்கள் வீட்டில் எடுத்திருக்க முடியாது. கடிதம் போய் வர மூன்று வாரம், ஐஎஸ்டி பேசினால் நிமிடத்துக்கு நிமிடம் மீட்டர் ஏறும் காலம். இன்று தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் மகள் முகத்தைப் பார்க்க முடியும் என்பதால்தான் பல அப்பாக்கள் சம்மதிக்கிறார்கள். மேலே சொன்ன மாணவியின் அப்பா ஒரு லேத் பட்டறைக்காரர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “அங்க சிக்னல் கெடைக்குமாங்க சார்?”

மிக மோசமான மாற்றம் எதுவென்று கேட்டால், பணம் வாங்கிக்கொண்டு ‘கேரண்டி இன்டர்ன்ஷிப்’ வாங்கித் தருவதாகச் சொல்லும் வியாபாரம். வேலை கற்கப் போகும் பிள்ளை எதிர்த்தரப்புக்கே லட்சக்கணக்கில் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? 2020-ல் கொரோனா விமானங்களை நிறுத்தியபோது, வீட்டிலிருந்தே ‘வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்’ என்று ஒரு சான்றிதழும் விற்பனைக்கு வந்தது. கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்கள் உண்டு. உண்மையான இடம் எதுவும் மாணவரிடம் இப்படிக் கட்டணம் கறப்பதில்லை. இதைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அரசும் இப்போது இறங்கியிருக்கிறது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின்கீழ், 2024-ல் தமிழக மாணவர்கள் சிலர் அரசுச் செலவிலேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் குறுகியகாலப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். எண்ணிக்கை சிறிது, குறுகிய காலம். ஆனால் டிக்கெட் பணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை வீட்டில் உட்காரக் கூடாது என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது சின்ன விஷயமல்ல.

இத்தனை மாறியும் மாறாதது கல்லூரி ஆபீஸ். போனஃபைடு சர்டிபிகேட், ‘நோ அப்ஜெக்‌ஷன்’ கடிதம், மதிப்பெண் நகலில் முத்திரை. மூன்றுமே எங்கள் காலத்தில் எத்தனை நாள் எடுத்ததோ, பல கல்லூரிகளில் இன்றும் அத்தனை நாள் எடுக்கிறது. எச்ஓடி விடுப்பில் இருப்பார், பிரின்சிபால் மீட்டிங்கில் இருப்பார், கிளார்க் நாளை வரச் சொல்வார். குளோபலிங்க் விண்ணப்பம் செப்டம்பரோடு முடிந்துவிடும். வைஸ் அதற்கடுத்த சில வாரங்களில். ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஆசிரியரை இதற்கென்றே நியமித்து, அந்தக் கடிதங்களில் கையெழுத்திடும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுத்தால், ஆகஸ்டில் கேட்கும் மாணவருக்கு ஆகஸ்டிலேயே கையில் கொடுத்துவிடலாம். இதற்குச் சட்டம் எதுவும் மாற வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.